பின்பக்கத்துப் பாரம்

கோவில்பட்டி
4.12.1992

தம்பி இசக்கிதுரைக்கு,

சௌக்கியமா என்று கேட்டு எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. என் கடையில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கூடப்பிறந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பம்பாய்க்கு ரயில் ஏறினாய், அங்கிருந்து சார்ஜாவுக்கும் போய்விட்டாய். தொழில் கற்றுக்கொடுத்தவன் நான். அது கிடக்கட்டும். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. நம் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. விளாத்திகுளத்திலிருந்தும் ஆட்கள் வந்து கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இத்தனை காலமும் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரியை என் தோட்டக் கிணற்றில்தானே கரைத்தோம்? இந்த வருஷம் நடுக்கண்மாயில் கரைப்போம், படகுக்கு நான் பொறுப்பு என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். சங்கரபாண்டி இருக்கிறானே, அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கரிசக்காட்டுல படகா அண்ணாச்சி? பருத்தி மூட்டையக் கட்டி மிதக்க விடப்போறீங்களா?” என்றான். மறுவாரமே தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து பதினான்கு அடி பைபர் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். அவன் வாய் அடைத்துப்போயிற்று.

படகு பழசு. மோட்டார் மாட்டுகிற பின்பலகை மக்கிப் போயிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. நீ அங்கே படகுக் கம்பெனியில் இந்த வேலைதான் செய்கிறாயாம். உன் வீட்டுக்காரி சுந்தரேஸ்வரி உன் மதினியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். எப்படிச் சரிசெய்வது, என்ன மோட்டார் மாட்டுவது என்று எழுது.

பாரி எடுக்கும் ஏழு பேரில் உன் மதினியும் உன் வீட்டுக்காரியும் உண்டு. நீ நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று அவள் நேர்ந்திருக்கிறாள்.

பூவனலிங்கம்

சார்ஜா
22.12.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டேன். உள்ளே திட்டுத்தான் இருக்கும் என்று தெரியும். திட்டாவது வந்ததே என்று சந்தோஷமாக இருந்தது. சொல்லாமல் வந்ததற்குக் காரணம், சொன்னால் விடமாட்டீர்கள் என்பதுதான். நேரில் வரும்போது பேசிக்கொள்வோம்.

பின்பலகைக்கு வருகிறேன். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். மக்கிய இடத்தில் ஈரச் சுவரைத் தட்டியதுபோல் சத்தம் அமுங்கும். அமுங்குகிற இடத்தையெல்லாம் உள்பக்கத்திலிருந்து அறுத்து, மக்கின மரத்தைச் சுரண்டி எடுத்து, ஈரம் போக நன்றாகக் காயவிட வேண்டும். காயாமல் மூடினால் மறுபடியும் மக்கும். தண்ணீருக்குத் தாங்குகிற பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டி உள்ளே வைத்து, மேலே கண்ணாடி இழை விரித்து ரெசின் பூச வேண்டும். போல்ட் போடும் துளைகளின் உள்சுவரிலும் ரெசின் பூசுங்கள். தண்ணீர் இறங்குவது அந்த வழியாகத்தான். கருவேலப் பலகை, பழைய கதவுப் பலகை எதுவும் வேண்டாம்.

மோட்டாருக்கு எங்கள் போர்மேன் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குவார். உங்களுடையது பதினான்குக்கு மூன்று, நாற்பத்திரண்டு என்று வைத்துக்கொண்டால், ஏழரை எச்.பி.யைத் தாண்டக்கூடாது. கண்மாயில் அலை இல்லை, ஐந்து எச்.பி.யே தாராளம். இன்னொன்று, அந்தப் படகில் நாலு பேர்தான் ஏறலாம். ஏழு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நடையாகப் போங்கள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இங்கே குழம்பு என்று ஒன்றை ஊற்றுகிறார்கள், நினைத்தாலே அழுகை வருகிறது.

இசக்கிதுரை

கோவில்பட்டி
11.1.1993

தம்பிக்கு,

பின்பலகை முடிந்துவிட்டது. நீ எழுதியபடியே பிளைவுட்டும் ரெசினும் தூத்துக்குடியில் வாங்கினேன். இரண்டு அடுக்கு என்றாய், நான் மூன்று அடுக்கு வைத்தேன். மேலே ஏறி நின்று குதித்தேன், அசையவில்லை. உங்கள் கம்பெனியில்கூட இப்படி ஒரு பலகை இருக்காது.

மோட்டார் இருபத்தைந்து எச்.பி. வாங்கியிருக்கிறேன். தூத்துக்குடியில் ஒருவர் வைத்திருந்தார், நல்ல கண்டிஷன். அதன் கால், விசிறி மாட்டியிருக்கிற தண்டு, கொஞ்சம் குட்டை, விசிறி தண்ணீருக்குள் சரியாக இறங்கவில்லை. அதனால் பின்பலகையின் மேல்விளிம்பை நாலு விரல் இறக்கி வெட்டிவிட்டேன். இப்போது கச்சிதமாக உட்காருகிறது.

ஐந்து போதும் ஏழரை போதும் என்று எழுதியிருக்கிறாயே, நீ என் கடையில்தான் இருந்தாயா? கயத்தாறு சம்சாரி வந்து ஐந்து எச்.பி.யில் தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன சொல்வோம்? ஏழரை போடு என்போம். ஏழரையில் ஏறவில்லை என்றால் பத்து. சின்ன மோட்டாரைப் போட்டுத் திணறவிட்டால் காயில்தான் கருகும். பெரிய மோட்டாரால் கெட்டுப்போன கிணறு எது? நீ பார்த்திருக்கிறாயா? உன் போர்மேன் கடல்காரன். அவனுக்கு நம்ம பக்கத்து மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்?

இரண்டு நடை என்ற பேச்சே வேண்டாம். ஏழு பாரியும் ஒன்றாகப் போய் ஒன்றாகக் கரைய வேண்டும். பிரித்தால் ஊர் இரண்டாகும் என்பார்கள். பொம்பளைகள் தானே, என்ன கனம் இருக்கப்போகிறது.

பூவனலிங்கம்

சார்ஜா
29.1.1993

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நம் கடைக்குப் பக்கத்து உரக்கடைக்கு இரண்டு தடவை போன் போட்டேன். “அண்ணாச்சி வெளிய போயிருக்காவ” என்றார்கள். பின்னால் உங்கள் குரல் கேட்டது. கோபம் என் மேல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மட்டும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

கிணறு இருந்த இடத்தில் இருக்கும் அண்ணா. மோட்டார் தண்ணீரைத் தள்ளும், கிணறு அசையாது. படகில் மோட்டார் படகையே தள்ளுகிறது. இருபத்தைந்து எச்.பி. என்பது ஒரு ஆள் கனம். அது பின்னால் தொங்கும்போது பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்னும் தூக்கும். பலகை உடையும் என்று நான் பயப்படவில்லை. மூன்று அடுக்கு வைத்தீர்கள், அது உடையாது. என் பயம் வேறு.

நாலு விரல் இறக்கி வெட்டியிருக்கிறீர்கள். தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவில் பின்னால் இருக்கிற சுவர் அந்தப் பலகை ஒன்றுதான். ஓடும்போது படகு தனக்குப் பின்னால் ஓர் அலையை இழுத்துக்கொண்டு வரும். மோட்டாரைப் பட்டென்று நிறுத்தினால் படகு நின்றுவிடும், அலை நிற்காது. அது வந்து பலகையைத் தாண்டி உள்ளே விழும். நாங்கள் இங்கே ஒருவனை அப்படித்தான் இழந்தோம். காற்று இல்லாத நாள், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

அதனால் மூன்று காரியம் கேட்கிறேன். மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக வாங்குங்கள். வெட்டின விளிம்பை மறுபடியும் உயர்த்துங்கள். நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இசக்கிதுரை

கோவில்பட்டி
16.2.1993

தம்பிக்கு,

பெரிய மோட்டாரைத் திருப்பிவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. கண்மாயில் ஓட்டிப் பார்த்தபோது இடது கையில் கொஞ்சம் அடி, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. மூக்கு தூக்கினதில் நான் பின்னால் சாய்ந்துவிட்டேன், அவ்வளவுதான். கரையில் சங்கரபாண்டியும் நின்றான். அதைப்பற்றி மேலே கேட்காதே.

இப்போது எட்டு எச்.பி. மாட்டியிருக்கிறது. உன் போர்மேன் கணக்குக்கு அரை எச்.பி. கூட, அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். இதுவும் குட்டைக்கால் மோட்டார்தான், அதனால் வெட்டினது வெட்டினதாகவே இருக்கட்டும். வர்ணமும் அடித்தாயிற்று.

ஏற்பாட்டைக் கேள். படகின் மூக்கில் ஒரு சின்ன மேடை அடித்து அதில் அம்மன் கரகத்தை வைக்கிறோம். ஏழு பேரும் பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு கரகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். கரகத்துக்கு யாரும் முதுகு காட்டக்கூடாது, பக்கத்தில் போய் ஒண்டவும் கூடாது. அதனால் மேடையை விட்டு நாலடி தள்ளி, நடுவிலிருந்து பின்பக்கம் வரை நெருக்கி நிற்க வேண்டியதுதான். மோட்டார்ப் பக்கம் நான். எனக்குத் துணையாக உன் மதினி கடைசியில் நிற்கிறாள். “இவிய ஒத்தக் கையோட என்ன ஓட்டுதாவன்னு நான் பாத்துக்கிடுதேன்” என்கிறாள். அவளுக்கு எப்போதும் கேலிதான்.

பொங்கல் ஏப்ரல் ஆறு, செவ்வாய்க்கிழமை. நடுக்கண்மாயில் குலவை போட்டு ஏழு பாரியும் ஒன்றாக இறங்கும். நம் தாத்தா காலத்தில்கூட இப்படி நடந்ததில்லை.

பூவனலிங்கம்

சார்ஜா
5.3.1993

அண்ணா,

நீங்கள் எழுதினதைத் தரையில் சாக்பீஸால் படகு மாதிரி வரைந்து, ஏழு பேரையும் உங்களையும் நிறுத்திப் பார்த்தேன். எல்லாரும் பின்னால் நிற்கிறீர்கள். முன்னால் ஒரு கரகம் மட்டும்தான். எட்டு ஆட்களும் மோட்டாரும் பெட்ரோல் டாங்கும் பின்பக்கம். அந்த நாலு விரல் வெட்டு தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கும்? ஒரு சாண்கூட இருக்காது. போதாததற்கு எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள். குனிந்து பாரியை இறக்குவார்கள்.

இருபத்தைந்து எச்.பி.யைத் திருப்பினீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் கனத்துக்கு எட்டு மடங்கை நீங்களே மறுபடியும் பின்னால் ஏற்றுகிறீர்கள். மோட்டார் சின்னதாகி என்ன பிரயோசனம்?

கரகத்தை நடுவில் வையுங்கள், சுற்றி எல்லாரும் உட்காரட்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அதுவும் முடியாதென்றால் கரையிலேயே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையுங்கள். நம் ஊரில் யாருக்கு நீச்சல் தெரியும்? கண்மாய் நிறைந்தே எத்தனை வருஷம் ஆயிற்று?

சுந்தரேஸ்வரிக்கும் எழுதியிருக்கிறேன். ஏறாதே என்றால் கேட்கமாட்டாள், எனக்காக நேர்ந்தது. அதனால், ஏறினால் நேராகப் படகின் மூக்குப் பக்கம் போய்விடு, தரையில் உட்கார்ந்து முதுகை மேடையில் சாய்த்துக்கொள், இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொள், யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்காதே என்று எழுதியிருக்கிறேன். மதினியையும் அப்படியே உட்காரச் சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இசக்கிதுரை

கோவில்பட்டி
4.4.1993

தம்பிக்கு,

நாளை மறுநாள் பொங்கல். உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் வீட்டுக்காரி நீ எழுதினதை உன் மதினியிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். பெண்டுகள் வாய் வழியாக இப்போது ஊருக்கே தெரியும். கரகத்துக்கு முதுகு காட்டி உட்கார் என்று ஒருவன் தன் பெண்டாட்டிக்கு எழுதுவானா? அங்கே போய் என்னவெல்லாம் கற்றுக்கொண்டாய்? சாமியாடி என் கடைக்கே வந்து கேட்டார். சின்னப் பையன், தெரியாமல் எழுதிவிட்டான் என்று சமாளித்து அனுப்பினேன்.

நேற்று தனியாக நாலு சுற்று ஓட்டினேன். வெண்ணெய் மாதிரிப் போகிறது. உன் மதினி கரையில் நின்று கைதட்டினாள். ராத்திரிச் சோறு போடும்போது, தம்பி சொல்லுதானே, அந்தப் பலகைய ஒசத்தித்தான் வச்சா என்ன என்றாள். வர்ணம் அடித்தபிறகு எவனாவது பலகையைப் பிரிப்பானா என்றேன். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தபிறகு போட்டோ அனுப்புகிறேன். கண்ணாரப் பார்.

பூவனலிங்கம்

கோவில்பட்டி
16.4.1993

இசக்கிதுரைக்கு,

உன் மதினி அழகுத்தாய் செத்துப்போய்விட்டாள். இன்னும் இரண்டு பேரும் போய்விட்டார்கள். காளீஸ்வரி, மேலத்தெரு மீனாட்சியம்மாள்.

நடுக்கண்மாய்க்குப் போகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கரையில் குலவை கேட்டது, படகிலும் போட்டார்கள். மோட்டாரைப் பட்டென்று அமர்த்தினேன். பின்னாலிருந்து தண்ணீர் வந்தது. அலை என்றுகூடச் சொல்ல முடியாது. பலகையைத் தாண்டி வந்து காலை நனைத்தது. பொம்பளைகள் பதறி ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். பின்பக்கம் உள்ளே போய், மூக்கு மட்டும் வெளியே நின்றது. நான் மோட்டாரைப் பிடித்துக் கிடந்தேன். உன் மதினி என் வேட்டியைப் பிடித்தாள். வேட்டி என்னோடு இல்லை. அவளும் இல்லை.

உன் வீட்டுக்காரி மூக்கைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். பனங்கட்டையில் மிதந்து போனவர்கள் முதலில் அவளைத்தான் தூக்கினார்கள். ஒரு சிராய்ப்புகூட இல்லை.

படகைக் கரையேற்றிப் பார்த்தேன். பின்பலகையில் ஒரு கீறல் இல்லை. மோட்டாரைக் கழற்றித் துடைத்து ஓடவிட்டேன், ஓடுகிறது. சாமானில் ஒரு குற்றமும் இல்லை. பின்னே எப்படி நடக்கும்? ஏழு பேரில் ஆறு பேர் கரகத்தைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க அதைத்தான் சொல்கிறது. எனக்கும் வேறு சொல்லத் தெரியவில்லை.

அவளை நம் வீட்டில் வைத்திருக்க முடியாது. அடிகுழாய்ப் பக்கம் போனால் பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். நேற்று வாசலில் யாரோ கல் எறிந்தார்கள். வருகிற முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். அவளோடு உறவை முறித்து அத்துவிடச் சம்மதம் என்று உன் கைப்பட எழுதி உடனே அனுப்பு. அதை நான் கூட்டத்தில் வாசிக்கிறேன். கயத்தாற்றில் அவள் அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நீ எழுதாவிட்டால் கூட்டத்தில் என்ன முடிவு எடுப்பார்களோ, நான் பொறுப்பில்லை.

பூவனலிங்கம்

சார்ஜா
27.4.1993

அண்ணா,

மதினியை நினைத்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. தாய் இல்லாத எனக்குத் தலை சீவிவிட்டவர். உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் எழுதப்போவதை அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் கம்பெனிக்காரர்களிடம் இருக்கிறது. அடுத்த மாதம்தான் தருவார்களாம். தபாலில் போட்டால் கூட்டத்துக்கு முன்னால் வராது. இங்கே என்னோடு வேலை செய்கிற கயத்தாறு கருத்தையா இன்று ஊருக்குப் புறப்படுகிறான். இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அத்துவிடச் சம்மதம் என்று நான் எழுதமாட்டேன். அவளை அங்கே உட்காரச் சொன்னது நான். முதுகைச் சாய்த்துக்கொள் என்றதும் நான். கரகத்துக்கு முதுகு காட்டியது குற்றமென்றால் குற்றவாளி சார்ஜாவில் இருக்கிறான், வந்ததும் ஊர் என்ன தண்டம் போட்டாலும் கட்டுகிறேன். அவள் என் பேச்சைக் கேட்டாள், அதனால் உயிரோடு இருக்கிறாள். மதினியும் கேட்டிருந்தால் இருந்திருப்பார்.

சாமானில் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், பலகை நன்றாகத்தான் இருந்தது, மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தது. பட்டென்று அமர்த்தினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எழுதும்போது உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துகொண்டே அவள் தலையில் போடுகிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் இப்படிப்பட்ட ஆள் இல்லை. நான் ஓடிப்போன அன்றுகூட, பையன் எங்கே தங்குவானோ என்று பம்பாயில் இருக்கிற நம் ஊர்க்காரனுக்குத் தந்தி அடித்தவர் நீங்கள்.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. மற்றது கருத்தையா சட்டைப் பையில் இருக்கும். கூட்டம் முடிகிற வரை அவன் சுந்தரேஸ்வரி பக்கத்திலேயே நிற்பான். முதலில் நீங்கள் எழுந்து பேச வேண்டும், அதுவரை அவன் வாயைத் திறக்க மாட்டான். விளிம்பை இறக்கினது நான், ஏழு பேரையும் பின்னால் நிறுத்தினது நான், என் பொண்டாட்டி என் கையாலதான் போனா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சங்கரபாண்டி சிரிக்கமாட்டான் அண்ணா. அவன் அக்காள்தானே மீனாட்சியம்மாள்.

நீங்கள் சொல்லிவிட்டால், வந்து மதினி படத்துக்கு முன்னால் உங்களோடு உட்கார்ந்து அழுவேன். பழையபடி கடையிலேயே காயில் கட்டுவேன், எங்கும் போகமாட்டேன்.

நீங்கள் உட்கார்ந்தே இருந்தால், கருத்தையா வாசிப்பான். நான் வருவேன், சுந்தரேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் வருவேன். உங்கள் கடை வழியாகத்தான் பஸ் ஏறப் போவோம். அப்போது என்னைக் கூப்பிடாதீர்கள்.

இசக்கிதுரை